மணல் வளவில் கோழிக்கூடு

கேள்வி:

ஐயா, எங்கள் வீடு ஆரையம்பதியில், பிரதான வீதிக்கும் வாவிக்கும் நடுவில். 20 பேர்ச் வளவு, முழுக்க மணல். 2022இல் முட்டை விலை ஏறி, அரசாங்கமே உச்ச விலை போட்ட நாளிலிருந்து பத்துக் கோழியாவது வளர்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். முன்பின் பழக்கம் இல்லை. மகன் கைபேசியில் ஒரு படம் காட்டுகிறான்: நாலு பக்கமும் பலகை அடித்த சின்ன மர வீடு, ஏணி, யன்னல் எல்லாம் உண்டு. ஓடாவி அதை அப்படியே செய்து தருவதாகச் சொல்கிறார். செய்யலாமா? நிலத்துக்குச் சீமெந்து போட வேண்டுமா, மணலே போதுமா? பக்கத்து வளவில் கீரியும் மரநாயும் திரிகின்றன.

– வாசகி, ஆரையம்பதி

பதில்:

ஓடாவியைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள், தங்கச்சி. படத்தில் இருப்பது பனி விழும் நாட்டுக் கூடு. குளிரை வெளியே நிறுத்தத்தான் அங்கே நாலு பக்கமும் பலகை. நம்முடைய கோழியை வாட்டுவது ஆடி மாதத்துக் கச்சான் காற்றும் மார்கழி ஈரமும். கோழிக்கு வியர்க்காது, வாயைத் திறந்து இளைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். காற்றுப் போகாத பெட்டிக்குள் அடைத்தால் பகலில் வெக்கை, இரவில் எச்சத்தின் அமோனியா நெடி. இந்த ஊருக்கு வேண்டியது நல்ல கூரை, உயர்ந்த தரை, இரண்டுக்கும் நடுவில் கம்பிவலை. ஏணியும் யன்னலும் மகனுக்காக வேண்டுமானால் வைக்கலாம், கோழி கேட்காது.

முதலில் இடம். 2011 ஜனவரி வெள்ளத்தில் உங்கள் வளவில் தண்ணீர் எதுவரை ஏறியது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். வாவி நிரம்பி, முகத்துவாரம் வெட்டும்வரை, மணலுக்குக் கீழே நீர்மட்டமும் சேர்ந்து ஏறும். தண்ணீர் மேலே தெரியாவிட்டாலும் தரை கசிந்துகொண்டே இருக்கும். ஆகவே அந்த அடையாளத்துக்கு மேலே ஓர் அடியாவது உயர்த்தி, சீமெந்துத் தரை போடுங்கள். வெறும் மணல் போதாது என்பதற்கு இன்னொரு காரணம் கிணறு. எச்சத்தின் கழிவு மணலில் சல்லென்று இறங்கிவிடும். கூட்டைக் கிணற்றிலிருந்து 50 அடியாவது தள்ளி வையுங்கள். பக்கத்து வீட்டாரின் கிணறும் இந்தக் கணக்கில் சேரும்.

பத்துக் கோழிக்கு 8 அடி நீளம், 5 அடி அகலம் கட்டுங்கள். இரவுக்கு மட்டும் என்றால் இதில் பாதியே போதும். ஆனால் மாரியில் நாட்கணக்காக உள்ளேயே அடைந்து கிடக்குமே! நீளம் கிழக்கு மேற்காக ஓடட்டும். அப்போது வெயில் கூரைக்கு மேலாகவே போய்விடும், உள்ளே அடிக்காது. வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து மழையைக் கொண்டுவரும். எனவே கிழக்குப் பக்கத்தை அடைத்துவிட்டு, வடக்குப் பக்கத்துக் கூரையை மூன்று அடி வெளியே நீட்டுங்கள். அந்தப் பக்கத்தில் உரப்பைகளைத் தைத்து ஒரு திரை போடுங்கள். அதைக் கீழே பொருத்தி, மழைக்கு மேல்நோக்கி இழுத்துக் கட்ட வேண்டும். உச்சியில் அரை அடி திறந்திருந்தால் நெடி வெளியேறும். மேற்கில் ஒரு கிடுகுத் தட்டியும் இரண்டு முருங்கையும் கச்சானைத் தாங்கும்.

கூரை தகரமென்றால் மேலே கிடுகு வேயுங்கள், உள்ளே சூடு நன்றாகக் குறையும். தகரத்தை ஆணியோடு விட்டுவிடாமல் சட்டத்தோடு கம்பி முறுக்கிக் கட்டுங்கள். 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியைக் கண்டவர் எவரும் இதற்குக் காரணம் கேட்க மாட்டார்.

இனிக் கீரிக்கும் மரநாய்க்கும் வருவோம். பலரும் காசு மிச்சம் பிடிக்கப் பார்த்துக் கோழியை இழப்பது இங்கேதான். அறுகோணக் கண் உள்ள கோழிவலை கோழியை உள்ளே வைத்திருக்குமே தவிர, நாயை வெளியே வைக்காது. கடித்து இழுத்தால் பிரிந்துவிடும். சுற்றிவர இரண்டு வரிசைச் சீமெந்துக் கல் கட்டி, அதற்கு மேல் அரை அங்குலக் கண்ணுள்ள, ஒட்டிய கம்பிவலை போடுங்கள். பாம்புக்கும் அதுவே காப்பு. கடையில் வாங்கும்போது கம்பியும் கம்பியும் சேரும் புள்ளியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அந்த இடத்தில் நாகப்பூச்சு தடித்து மூடியிருந்தால் ஒட்டிய பிறகு நாகத்தில் முக்கி எடுத்த வலை. சிறு கருப்புத் தழும்பு தெரிந்தால் முக்கி எடுத்த பிறகு ஒட்டியது. கடற்காற்றில் அந்தத் தழும்பிலிருந்துதான் துரு தொடங்கும். மரநாய் ஏறி, சுவருக்கும் கூரைக்கும் இடையிலான சந்தால் நுழையும். அந்தச் சந்துக்கும் வலை, கதவுக்கு மேலும் கீழும் இரண்டு கொண்டி. பகலில் உலாவ வேலி அடைத்த முற்றம் வைப்பீர்களானால், வேலி அடியிலிருந்து ஒன்றரை அடி வலையை வெளிப்பக்கமாக நிலத்தில் விரித்து மணலால் மூடுங்கள். நம்முடைய மணலைத் தோண்டுவது நாய்க்கு விளையாட்டு. ஆனால் அது வேலியின் அடியிலேதான் தோண்டும். வலை காலில் தட்டினால் விட்டுவிடும்.

உள்ளே பெரிய வேலை இல்லை. தரையில் நாலு அங்குலத்துக்கு உமி. நெல் விளையும் மாவட்டத்தில் அதற்கா பஞ்சம்! வாரத்துக்கு இரண்டு முறை கிளறுங்கள், கட்டிபட்டதை அள்ளிவிடுங்கள். ஈர உமியில்தான் இரத்தக்கழிச்சல் வளரும். கோழி உறங்க, முனை மழித்த இரண்டங்குலக் கம்பு ஒன்று. ஒரு கோழிக்கு எட்டு அங்குலம் வீதம் பத்துக்கும் ஏழடிக்குள் அடங்கும். முட்டைப் பெட்டி மூன்று, இருட்டு மூலையில். அவை கம்பை விடத் தாழ்வாக இருக்க வேண்டும். உயர்ந்த இடத்தில்தான் கோழி உறங்கும். பெட்டி மேலே இருந்தால் முட்டையெல்லாம் எச்சம்.

செலவில் மறந்துவிடுவது தீன். லெயர் கோழி ஒன்று நாளுக்கு 110 முதல் 120 கிராம் வரை தின்னும். 50 கிலோ மூட்டை உங்கள் பத்துக்கும் ஆறு கிழமைக்குத்தான் வரும். ஊர்க்கோழி மேய்ந்து பாதியைத் தானே தேடிக்கொள்ளும், ஆனால் முட்டை குறைவு. வாவிக்கரை மட்டி ஓட்டைக் கழுவி இடித்து ஒரு சிரட்டையில் வையுங்கள், முட்டை ஓடு உறுதிப்படும். முட்டைக்குச் சேவல் தேவையில்லை. விடியற்காலையில் அயலாரை எழுப்பாமலும் இருக்கலாம்.

முதல் தடவை ஒருநாள் குஞ்சு வாங்க வேண்டாம். முதல் வாரத்தில் 32 பாகைக்குக் குறையாமல் சூடு கொடுத்து இரவும் பகலும் பார்க்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு வாரப் பெட்டைகளாகப் பாருங்கள். ராணிக்கட்டு நோய்க்கு எப்போது ஊசியோ சொட்டோ போட்டார்கள் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். அடுத்த தடவைக்கு உங்கள் பிரதேசக் கால்நடை வைத்திய அலுவலகத்தைக் கேளுங்கள். ஒரு குப்பி மருந்து நூற்றுக்கணக்கான கோழிகளுக்குப் போதும், திறந்தபின் வைத்திருக்கவும் முடியாது. ஒழுங்கையில் கோழி வைத்திருக்கும் எல்லோரும் ஒரே நாளில் போட்டால் மருந்தும் வீணாகாது, நோயும் வேலி தாண்டாது. கூட்டை ஆனி, ஆடியில் கட்டத் தொடங்குங்கள். ஐப்பசியில் முதல் பெருமழை பெய்யும்போது வெறுங்கூட்டுக்குள் நின்று எங்கே ஒழுகுகிறது, எந்தப் பக்கம் சாரல் அடிக்கிறது என்று பார்த்துச் சரிப்படுத்திய பிறகு பெட்டைகளுக்குச் சொல்லி வையுங்கள்.