விதை காத்த மலை

நுழையும்முன்

கோடையில் குளிர்ச்சியை நாடியும் ஆடித் திங்களில் விழாக் காணவும் பலர் கொல்லிமலைக்குச் செல்கின்றனர். அருவியையும் கோவிலையும் கண்டு மாலையிலேயே இறங்கிவிடுவோர்க்கு, அம்மலையில் ஆண்டு முழுவதும் வாழ்வோரின் வயலும் அடுப்பும் கண்ணில் படுவதில்லை. அவ்வயலிலிருந்து மறையத் தொடங்கிய சிறுதானியங்களை மீட்க மலைமக்கள் மேற்கொண்ட கூட்டு முயற்சியை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

மலையும் மக்களும்

சேலம் மாவட்டத்திலிருந்து 1997ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் பிரிந்து உருவானது நாமக்கல் மாவட்டம். அதன் சமவெளியிலிருந்து சுவர்போல் எழுந்து நிற்பது கொல்லிமலை. ஏறத்தாழ 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் மேடும் பள்ளமுமாக விரிந்துள்ள நிலப்பரப்பு இது. காரவள்ளியிலிருந்து மேலேறும் சாலை 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மலையை அடைகிறது. அய்யாற்றில் வீழும் ஆகாய கங்கை அருவியும் அதனருகில் அமைந்த அறப்பளீசுவரர் கோவிலும் இங்கு வருவோரைப் பெரிதும் ஈர்க்கின்றன. சங்க காலத்தில் இம்மலையை ஆண்டவன் வல்வில் ஓரி. கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய அவன் பெயரால், ஆடி 17, 18 ஆகிய நாள்களில் அரசு விழா எடுக்கிறது.

மலையில் 14 ஊராட்சிகள் உள்ளன. வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, தின்னனூர் நாடு, சேலூர் நாடு என அவை ‘நாடு’ என்றே பெயர் பெற்றிருக்கின்றன. வாழ்வோருள் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். தாழ்வான இடங்களில் நெல்லும், சரிவுகளிலும் மேட்டு நிலங்களிலும் சாமை, தினை, கேழ்வரகு ஆகியவையும் அவர்தம் முன்னோர் விளைவித்த பயிர்கள்.

தெரிந்து தெளிவோம்

‘மலையாளி’ என்னும் சொல் இங்குக் கேரள மாநிலத்தவரைக் குறிப்பதன்று. மலையை ஆள்வோர், மலையில் வாழ்வோர் என்னும் பொருளில் வழங்கும் பழங்குடிப் பெயர் அது. இவர்கள் தமிழ் பேசுவோர். சேர்வராயன் மலை, கல்வராயன் மலை, பச்சைமலை ஆகியவற்றிலும் இவர்கள் வாழ்கின்றனர்.

ஒரு பயிர், பல வகைகள்

சாமை என்பது ஒரே பயிராயினும், கொல்லிமலையில் அது பல வகைகளாகப் பிரிந்து வளர்ந்தது. கட்டவெட்டிச்சாமை, மல்லியச்சாமை, திரிகுலச்சாமை என்பன அவற்றுட் சில. தினையில் செந்தினையும் பெருந்தினையும் மூக்கந்தினையும் உண்டு. கேழ்வரகிலும் பல வகைகளை மக்கள் பெயரிட்டு அறிந்திருந்தனர். ஒன்று விரைவில் முதிரும். மற்றொன்று காலம் எடுத்துக்கொண்டாலும் கதிர் கனக்கும். வேறொன்று மெலிந்த மண்ணிலும் விளையும். மழை பொய்த்த ஆண்டில் எல்லா வகையும் ஒருசேரப் பொய்ப்பதில்லை. ஆதலால் விதையின் பன்மையே அம்மக்களுக்குக் காப்பீடாக விளங்கியது. மூங்கிலால் பின்னி மண் பூசிய தொம்பைகளில் தானியம் ஆண்டு முழுவதும் கெடாமல் இருந்தது.

சமவெளியின் அழைப்பு

இரண்டாம் உலகப் போரின்போது வெளிநாட்டிலிருந்து சவ்வரிசி வருவது தடைப்பட்டது. அக்காலத்தில் வேர்கொண்ட மரவள்ளித் தொழில், சேலம் வட்டாரத்தில் ஆலமரமாய்ப் பரந்தது. 1981ஆம் ஆண்டு சேலத்தில் ‘சேகோசர்வ்’ என்னும் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. சேலம் சவ்வரிசி 2023ஆம் ஆண்டு புவிசார் குறியீடும் பெற்றது.

சமவெளி ஆலைகளுக்குக் கிழங்கு தேவைப்பட்டது. மலைக்குச் சாலை வந்தது. விளைந்ததை ஏற்றிச் செல்ல லாரிகள் வந்தன. சாமை விளைந்த சரிவுகளில் மரவள்ளி வேரூன்றியது. கிழங்கு கையில் பணம் தந்தது. பிள்ளைகளின் படிப்பிற்கும் மருத்துவத்திற்கும் அப்பணம் உதவியது. எனவே உழவர் மரவள்ளிக்கு மாறியதை அறியாமை என்று ஒதுக்கிவிட இயலாது; அது வாழ்வின் தேவையறிந்து எடுத்த முடிவு.

ஆயினும் அம்முடிவிற்கு ஒரு விலை இருந்தது. கிழங்கைப் பறிக்கும்போது மண் கிளறப்படுவதால், அடுத்த மழையில் சரிவின் வளமான மேல்மண் கரைந்து ஓடுகிறது. கிழங்கின் மாவுச்சத்தைக் கணக்கிட்டு ஆலைகள் விலை தருகின்றன. வரத்து மிகும்போது விலை சரிகிறது. சாமையின் விலை வீழ்ந்தால் அதை வீட்டில் உண்ணலாம். ஆலைக்கென விளைந்த கிழங்கு முழுவதையும் அவ்வாறு உண்டு தீர்க்க இயலாது. பொது வழங்கல் கடைகளில் அரிசி மலிவாகக் கிடைத்ததும், 2011 முதல் விலையின்றியே கிடைத்ததும் பசியைத் தணித்தன. அதே வேளையில், சிறுதானியம் விளைவிக்கும் தேவையையும் அவை குறைத்தன.

உலக்கையின் சுமை

சிறுதானியம் குறைந்ததற்கு வயலில் மட்டும் காரணம் தேடினால் முழு உண்மை புலப்படாது. மற்றொரு காரணம் வீட்டு முற்றத்தில் இருந்தது. கேழ்வரகை அப்படியே திரித்து மாவாக்கலாம். சாமையும் தினையும் அவ்வாறல்ல. அவற்றின் சிறிய மணியைக் கெட்டியான உமி இறுகப் பற்றியிருக்கும். உரலில் இட்டுக் குத்த வேண்டும். முறத்தில் புடைக்க வேண்டும். உமி நீங்காத மணிகளைப் பிரித்து மீண்டும் குத்த வேண்டும். ஒரு வேளைச் சோற்றுக்கான இவ்வுழைப்பு முழுவதும் பெண்கள்மீதே விழுந்தது. வயல் வேலை, விறகு, தண்ணீர் ஆகியவற்றோடு இதையும் சுமந்தவர்கள், உலையிலிட அரிசி எளிதாகக் கிடைத்தபோது உலக்கையைக் கீழே வைத்தனர்.

சிறுதானியத்தின் சத்தைப் பற்றி எவ்வளவு எடுத்துரைத்தாலும், உலக்கையின் சுமை குறையாதவரை அது அடுப்புக்குத் திரும்பாது. இவ்வுண்மையை உணர்ந்ததே பின்வந்த முயற்சியின் வலிமை.

ஊர்கூடி எடுத்த முயற்சி

1988ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கப்பெற்ற எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், 1990களில் கொல்லிமலை மக்களோடு இணைந்து பணியாற்றத் தொடங்கியது. எந்தெந்த வகைகள் எவர் வீட்டில் எஞ்சியுள்ளன என்பதை முதலில் அறிய வேண்டியிருந்தது. அதற்கு வழிகாட்டியவர்கள் மூத்த உழவர்களும் விதை தெரிந்தெடுப்பதில் தேர்ந்த பெண்களுமே.

பின்னர் ஊர்தோறும் விதை வங்கிகள் அமைந்தன. இவ்வங்கியின் முதல் பணமன்று, விதை. விதையைக் கடனாகப் பெறுபவர், அறுவடைக்குப்பின் சற்றுக் கூடுதலாகத் திருப்பி அளப்பார். கூடுதலாக வந்த விதை, அடுத்த ஆண்டு மற்றொருவரின் நிலத்தை அடையும். தூவி விதைத்த இடத்தில் வரிசை விதைப்பும் தொழு உரமும் அறிமுகமாயின, விளைச்சல் உயர்ந்தது.

உமி நீக்கும் சிறு இயந்திரங்கள் ஊர்களுக்கு வந்தன. அவற்றை நடத்தும் பொறுப்பை மகளிர் தன்னுதவிக் குழுக்கள் ஏற்றன. பல மணி நேர உழைப்பு சில நிமிடங்களில் முடிந்தது. மாவாகவும் உணவுக் கலவைகளாகவும் ஆக்கி விற்றபோது, தானியமாக விற்றதைவிடக் கூடுதல் வருவாய் கிடைத்தது. தனித்தனியே இயங்கிய குழுக்கள் பின்னர்க் கூட்டமைப்பாக ஒன்றிணைந்தன.

விதை, விளைச்சல், உமி நீக்கம், உணவு, சந்தை என்னும் ஐந்தும் சங்கிலியின் கண்ணிகள். ஒன்று அறுந்தாலும் பிற பயன்தரா. இதனைக் கொல்லிமலை தன் பட்டறிவால் நிறுவியது. இந்தியாவின் முன்மொழிவை ஏற்று, ஐக்கிய நாடுகள் அவை 2023ஆம் ஆண்டைப் பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அதற்குப் பல ஆண்டுகள் முன்னரே இம்மலைமக்கள் அப்பணியைத் தொடங்கியிருந்தனர்.

வருவோரும் வாழ்வோரும்

மரவள்ளி மலையை விட்டு நீங்கிவிடவில்லை. இன்றும் அது முதன்மையான பணப்பயிர்களுள் ஒன்று. மிளகும் காப்பியும் நிலத்தில் பங்கு கொள்கின்றன. இந்நிலையில் சுற்றுலா மலைக்கு இருவகை விளைவுகளைத் தர வல்லது. சமவெளியிலிருந்து கொண்டுவந்த உணவை உண்டு, நெகிழிப் பையை ஓடையில் எறிந்து இறங்கினால், மலைக்கு எஞ்சுவது குப்பை மட்டுமே. ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்கள் பலவற்றைத் தமிழ்நாடு அரசு 2019 சனவரி முதல் தடை செய்துள்ளது. அத்தடை மலைச்சாலையிலும் பொருந்தும். மாறாக, விடுதியின் இலையில் சாமைச்சோறு இடம்பெற்று, சோளக்காட்டிலும் செம்மேட்டிலும் மகளிர் குழுவின் தினைமாவு விற்பனையானால், ஒரு நாள் விருந்தினரும் அந்தச் சங்கிலியின் கண்ணி ஆகின்றனர்.

2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம், ஒவ்வோர் உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமையவும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு உருவாகவும் வழிவகுக்கிறது. தம் ஊரில் எந்த விதை உண்டு, அதை அறிந்தவர் யார் என்பதை ஊராரே எழுதி வைக்கும் உரிமை அது. ஒரு வகை விதை மறைந்தபின் அதனைப் பணத்தால் மீட்க இயலாது. ஆகவே, விதைப்பவர் கையில் விதையும், அதனை உண்ணும் வாய்ப்பும், விற்கும் சந்தையும் நிலைத்திருக்குமாறு காப்பது மலையில் வாழ்வோர்க்கும் மலைக்கு வருவோர்க்கும் பொதுவான கடமையாகும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் முன்பு விளைந்து இப்போது அருகிவிட்ட பயிர்களின் பெயர்களை மூத்தோரிடம் கேட்டறிந்து பட்டியலிடுக. அவை அருகியதற்கு அவர்கள் கூறும் காரணங்களையும் எழுதுக.
2. கொல்லிமலைக்குச் செல்வோர் கடைப்பிடிக்க வேண்டிய நெறிகளை விளக்கும் அறிவிப்புப் பலகை ஒன்றை உருவாக்குக.

குறுவினா: விதை வங்கி செயற்படும் முறையைக் கூறுக.

சிறுவினா: சாமையும் தினையும் அடுப்பிலிருந்து விலகியதற்கு வீட்டு உழைப்பு எவ்வாறு காரணமாயிற்று?

நெடுவினா: ‘மரவள்ளிக்கு மாறியது அறியாமையன்று, ஆயினும் அதற்கு ஒரு விலை இருந்தது’ – இக்கூற்றைப் பாடத்தின்வழி ஆராய்ந்து விளக்குக.