மிதவை சொல்லும் செய்தி

கடல்நீரோட்டத்தை அறியக் கடலில் ஒரு பந்தை எறிந்தால் போதாதா? போதாது. மேற்பரப்பில் மிதக்கும் பந்தைக் காற்றும் அலையும் தள்ளிச் செல்லும். அது காட்டுவது நீரின் போக்கு அன்று. எனவே, மிதவையின் அடியில் நீண்ட வடம் கட்டி, துளைகளிட்ட துணிக்குழாய் ஒன்றைத் தொங்கவிடுகின்றனர். ஏறத்தாழ 15 மீட்டர் ஆழத்தில் நிற்கும் அக்குழாயை அங்குள்ள நீர் இழுத்துச் செல்ல, மிதவையும் உடன் செல்கிறது. அதன் இருப்பிடமும் நீரின் வெப்பநிலையும் செயற்கைக்கோள் வழியே கரையை அடைகின்றன. மிதவை நேற்று இருந்த இடத்திற்கும் இன்று இருக்கும் இடத்திற்கும் உள்ள தொலைவைக் கொண்டு நீரோட்டத்தின் வேகம் கணக்கிடப்படுகிறது. 2005ஆம் ஆண்டில் உலகக் கடல்களில் இத்தகைய மிதவைகள் 1250 என்னும் எண்ணிக்கையை எட்டின.

துணிக்குழாய் அறுந்துபோவதும் உண்டு. அதனை உணர்த்தும் கருவி சில ஆண்டுகள் பிழையாகச் சொன்னமையால், காற்று தள்ளிய தொலைவும் நீரோட்டக் கணக்கில் சேர்ந்துவிட்டது. கடலோட்டங்கள் விரைவு பெறுகின்றன என்னும் பொய்த்தோற்றமும் எழுந்தது! பின்னர் ஆய்வாளர்கள் மிதவைகளின் பழைய பதிவுகளைக் காற்றின் வேகத்தோடு ஒப்பிட்டு, ஒவ்வொன்றும் குழாயை இழந்த காலத்தைக் கணித்துப் பதிவுகளைத் திருத்தினர்.