அபராதப் பணமும் வேகக் காமிராவும்

குற்றத்தைத் தடுப்பதற்கென்று விதிக்கப்படும் அபராதம், குற்றம் குறையுந்தோறும் தானும் குறைதல் வேண்டும். இது யாவரும் ஒப்பும் நியாயம். ஆயின், அவ்வபராதப் பணத்தைக் கொண்டே குற்றத்தைக் கண்டுபிடிக்கும் கருவியை நடத்துவதாயின், அக்கருவியின் ஆயுள் குற்றவாளிகளின் தொகையைப் பொறுத்ததாகிவிடும். குற்றம் அறவே ஒழிந்த நாளில் காவலும் பொருளின்றி ஒழியும். இம்முரண்பாட்டைப் பிரிட்டன் தேசத்தார் தங்கள் சாலைகளில் நேரே கண்டனர். அவர்கள் கைக்கொண்ட முறைகளையும், அவற்றின் நன்மை தீமைகளையும் இவ்வியாசத்தில் சுருக்கமாக ஆராய்வோம்.

முதற்கண் கருவியைப் பற்றிச் சில சொற்கள் கூறுவாம். அந்நாட்டுச் சாலைகளில் மிகுதியாக நிறுவப்பெற்ற காமிரா, மோரிஸ் காட்ஸோனிடஸ் என்னும் டச்சுக்காரரின் பெயரால் வழங்குவது. மோட்டார்ப் பந்தய வீரராகிய அவர், வளைவுகளில் தம் வண்டி செல்லும் வேகத்தை அளந்தறியவே முதலில் ஒரு கருவி அமைத்தார். தம் வேகத்தைக் கூட்டும் பொருட்டு அவர் கண்ட வழி, பின்னர்ப் பிறர் வேகத்தைக் குறைக்கப் பயன்பட்டது வியப்பேயாம். ராடார் அலையினால் வண்டியின் வேகத்தை அளந்து, எல்லை மீறியதாயின் அரை வினாடி இடைவெளியில் இரண்டு படங்களை அக்காமிரா எடுக்கும். சாலையில் வரைந்துள்ள வெள்ளைக் கோடுகளைக் கொண்டு, அவ்விடைவேளையில் வண்டி சென்ற தூரத்தைக் கணக்கிட்டு அளவைச் சரிபார்ப்பர்.

காமிராவின் சாட்சியத்தை நியாயஸ்தலங்கள் ஏற்பதற்கு 1991-ஆம் வருஷத்துச் சாலைப் போக்குவரத்துச் சட்டம் வழி செய்தது. 1992-இல் லண்டன் நகரின் மேற்கேயுள்ள ட்விக்கன்ஹாம் பாலத்தில் முதற் காமிரா அமைக்கப்பட்டது. அக்காலத்தில் அபராதப் பணம் முழுவதும் அரசாங்கப் பொக்கிஷத்தைச் சேர்ந்தது. காமிரா வாங்குதல், படச்சுருள் மாற்றுதல், படங்களைப் பரிசோதித்தல், கடிதம் அனுப்புதல் ஆகிய செலவுகளோ போலீசாரையும் ஸ்தல ஸ்தாபனங்களையும் சார்ந்தன. செலவு ஒருவருக்கும் வரவு மற்றொருவருக்கும் ஆயின் வேலை எங்ஙனம் நடக்கும்? சாலையோரம் நின்ற பெட்டிகள் பலவற்றுள் காமிராவே இல்லை.

இக்குறையை நீக்கும் பொருட்டு 2000-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் எட்டுப் பிரதேசங்களில் ஒரு பரீட்சை தொடங்கப்பட்டது. போலீசார், சாலை அதிகாரிகள், நியாயஸ்தலத்தார் முதலியோர் ஒரு கூட்டாக அமைந்தனர். காமிராவுக்கு அவர்கள் செய்த செலவு மட்டும் அபராதப் பணத்திலிருந்து அவர்களுக்குத் திரும்பக் கிடைக்கும். எஞ்சியது பொக்கிஷத்துக்கே உரியது. 2001-இல் இயற்றப்பட்ட வாகனக் குற்றச் சட்டம் இம்முறையை நாடெங்கும் பரப்ப இடந்தந்தது.

பணத்தாசைக்கு இடமுண்டாகாதபடி சில வேலிகளும் இடப்பட்டன. நிலையான காமிரா நிறுத்துவதாயின், அங்கே கிலோமீட்டருக்கு நான்கு கொடிய விபத்துக்களேனும் முந்திய மூன்று வருஷங்களில் நிகழ்ந்திருத்தல் வேண்டும். பெட்டிக்கு மஞ்சள் வர்ணம் பூசி, தூரத்திலேயே தெரியும்படி வைத்தல் வேண்டும். ஒளிந்திருந்து பிடிப்பது நோக்கமன்று. கண்டு அஞ்சி வேகத்தைக் குறைப்பதே நோக்கம் என்பது இதனால் விளங்கும்.

இதன் பலன் யாது? 2005-ஆம் வருஷத்து ஆராய்ச்சி அறிக்கையின்படி, காமிரா நின்ற இடங்களில் காயம் விளைத்த விபத்துக்கள் நூற்றுக்கு 22 வீதமும், இறந்தவரும் பெருங்காயமுற்றவருமாகிய மக்களின் தொகை நூற்றுக்கு 42 வீதமும் குறைந்தன. விபத்து மிகுந்த வருஷத்துக்குப் பின் அது தானாகவே ஓரளவு குறைதல் இயல்பாதலின், இக்குறைவு முழுவதையும் காமிராவின் கணக்கில் எழுதுதல் தகாது. ஆயினும் பயன் இல்லையென்று கூற இயலாது. நான்காம் வருஷத்தில் ஏறக்குறைய 9 கோடியே 60 லக்ஷம் பவுன் செலவிட்டு, 25 கோடியே 80 லக்ஷம் பவுன் பெறுமான சேதம் தவிர்க்கப்பட்டதாக அவ்வறிக்கை கணக்கிட்டது.

இத்துணை நன்மையிருந்தும் இருவகைக் குறைகள் எழுந்தன. காமிரா பணம் பறிக்கும் பெட்டியே என்னும் ஐயம் ஜனங்களை விட்டு நீங்கவில்லை. இஃது ஒன்று. அபராதத்தினின்று திரும்பப் பெறும் பணத்தைக் காமிராவுக்கன்றி வேறொன்றுக்கும் செலவிடலாகாது என்னும் விதி மற்றொன்று. ஓரிடத்தில் வளைவைத் திருத்துதலோ, சிறுவர் கடக்கும் வழியமைத்தலோ சிறந்த பரிகாரமாயினும், பணம் கிடைக்கும் வழி காமிராவையே காட்டிற்று. நோய்க்குத் தக்க மருந்தன்றி, கைக்கெட்டிய மருந்தையே கொடுக்கும் வைத்தியனைப் போன்றதாயிற்று இம்முறை.

ஆதலின் 2007-ஆம் வருஷம் மார்ச் மாத இறுதியோடு இத்தொடர்பு அறுக்கப்பட்டது. அபராதம் முழுவதும் மீண்டும் பொக்கிஷம் சென்றது. ஸ்தல ஸ்தாபனங்களுக்குச் சாலைப் பாதுகாப்பு மானியம் தனியே அளிக்கப்பட்டது. முறை செவ்வியதே. எனினும் பழைய குறை வேறு வடிவில் தலைகாட்டிற்று. வருஷந்தோறும் ஏறக்குறைய 3,20,000 பவுன் தாம் செலவிட, அபராதமோ பொக்கிஷத்துக்குச் செல்வதைக் கண்ட ஸ்விண்டன் நகரசபையார், 2009-இல் நிலைக் காமிராக்களுக்குப் பணம் உதவுவதை நிறுத்தினர். 2010-இல் மானியம் குறைக்கப்படவே, ஆக்ஸ்போர்டு ஜில்லாவில் ஆகஸ்டு முதல் நாளிலிருந்து காமிராக்கள் உறங்கின. 2011 ஏப்ரலிலேதான் மீண்டும் கண் விழித்தன.

இப்பொழுது மற்றொரு வழி பெருவழக்காயுள்ளது. எல்லையைச் சிறிதளவே மீறினவர், 100 பவுன் அபராதத்தையும் உரிமச்சீட்டில் ஏறும் 3 தண்டப் புள்ளிகளையும் ஏற்பதற்குப் பதிலாக, கட்டணம் செலுத்தி வேகத்தைப் பற்றிய பாடம் ஒன்றைக் கேட்கலாம். அக்கட்டணத்தில் ஒரு பகுதி போலீசாரின் செலவுக்குச் செல்கிறது. தண்டனை கல்வியாக மாறுவது நன்றே. ஆயினும் குற்றவாளியின் பணத்தைக் கொண்டே காவல் நடப்பது என்னும் பழைய சிக்கல் இதிலும் அடங்கியிருத்தலை மாணவர் ஓர்ந்து காண்பாராக.

இவ்வரலாற்றால் நாம் அறிவது யாது? செலவும் வரவும் முற்றிலும் பிரிந்து நின்றால் காவல் தளர்கிறது. இரண்டும் ஒன்றாய்ப் பிணைந்தால் நம்பிக்கை தளர்கிறது. ஆகவே காமிரா எங்கே நிற்கவேண்டும் என்பதை விபத்துக் கணக்குத் தீர்மானிக்கட்டும். பணக்கணக்குத் தீர்மானிக்க வேண்டா. அபராதம் குறைந்த காலத்திலும் குறையாத வருவாய் ஒன்று அதற்கு இருக்கட்டும். வரவு செலவு இரண்டும் யாவரும் காணும்படி வெளியிடப்படட்டும். ஒரு வருஷம் முழுவதும் ஒருவரையும் பிடியாத காமிரா நஷ்டமன்று. அவ்விடத்தில் உயிர் ஒன்றும் போகாதிருந்ததாயின், அதுவே அதன் லாபம்.