கடைக்குப் போர்டு வைக்குமுன்

ஆம்பூரில் ஷூ கடை திறக்கப்போகிறவர் போர்டு செய்பவரிடம் முதலில் கேட்பது, "சதுர அடி என்ன விலை?" என்பதுதான். அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளி வையுங்கள். போர்டை யார் படிக்கப்போகிறார், எவ்வளவு தூரத்திலிருந்து, எத்தனை நொடிக்குள் என்று தெரியாமல் விலை பேசினால் பளபளப்புக்குப் பணம் போய்விடும். பெயர் யார் கண்ணிலும் படாது. ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று நீளும் தோல் ஊர்களில் சிறு கடையோ சிறு பட்டறையோ நடத்துகிறவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

முதல் வேலை: எதிர்ப்பக்கம் போய் நில்லுங்கள்

கடை சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையோரம் என்றால் கணக்கு இப்படி. 60 கி.மீ. வேகத்தில் வரும் கார் ஒரு நொடியில் சுமார் 17 மீட்டர் ஓடிவிடும். பெயரைப் பார்த்து, நிறுத்தலாமா என்று யோசித்து, பின்னால் வரும் லாரியைக் கவனித்து, சர்வீஸ் ரோட்டில் இறங்க ஆறு நொடியாவது வேண்டும். அப்படியானால் 100 மீட்டருக்கு முன்பே, அதாவது சுமார் 330 அடியிலேயே போர்டு தெரிய வேண்டும். 10 அடி தூரத்துக்கு 1 அங்குல எழுத்து என்பது போர்டுத் தொழிலில் பழகிய கணக்கு. அதன்படி எழுத்து 33 அங்குலம், ஏறக்குறைய 3 அடி. அந்த அளவில் இரண்டு சொல்தான் எழுத முடியும்: கடையின் பெயர், பக்கத்தில் "ஷூ" அல்லது "காலணி". கைபேசி எண், "மொத்தம் மற்றும் சில்லறை", நிறுவிய ஆண்டு எல்லாவற்றையும் கதவருகே சிறு பலகையில் வைத்துக்கொள்ளலாம். ஊருக்குள் கடைத்தெருவில் பார்ப்பவர் 40 அடி தூரத்தில் நடந்து போகிறார். அவருக்கு 4 அங்குலம் போதும்.

தமிழ் எழுத்துக்கு இந்த அளவை "ப", "ட" போன்ற எழுத்தின் உடலை வைத்துப் பாருங்கள். இகர, ஈகார மேல்விலங்கும் புள்ளியும் அதற்கு மேலே ஏறுபவை. அவற்றுக்குத் தனி இடம் வேண்டும். சுழிகளையும் கவனியுங்கள். "காலணி" என்ற சொல்லில் வரும் "ணி"யின் மூன்று சுழியும், எழுத்துரு நெருக்கமாக இருந்தால், தூரத்தில் ஒரே பொட்டாகத் தெரியும். விளக்கு போட்ட எழுத்தில் இந்தக் குழப்பம் இன்னும் கூடும். சுழிகள் அகலமாகத் திறந்திருக்கும் எழுத்துருவே வேண்டும் என்று சொல்லி வாங்குங்கள்.

சாலைக்கு இணையாக வைத்த முகப்புப் போர்டு, நேர் எதிரே நிற்பவருக்குத்தான் நன்றாகத் தெரியும். வண்டியில் வருகிறவருக்குச் சுவரிலிருந்து குறுக்கே நீட்டிய சைடு போர்டுதான் கண்ணில் படும். பெரிய முகப்பை விட, நடுத்தர முகப்பும் ஒரு நல்ல சைடு போர்டும் மேல் என்பது என் கருத்து.

எந்த மொழி, எந்த அளவில்

இதில் சட்டம் இருக்கிறது. 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் 1948-இல் வந்த விதிகள், பெயர்ப் பலகையில் தமிழே முதலிலும் முதன்மையாகவும் இருக்க வேண்டும் என்கின்றன. வேறு மொழிகளும் சேர்ந்தால் தமிழ், ஆங்கிலம், மற்ற மொழி என்ற வரிசையில் 5:3:2 என்பது அரசு வகுத்த அளவு. பத்து அடி உயரம் இருந்தால் ஐந்தடி தமிழுக்கு.

மீதியுள்ள அந்த இரண்டு பங்கு நம் பகுதியில் மதிப்புள்ள இடம். வேலூர் காந்தி ரோட்டில், சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்து தங்கும் வங்காளத்துக் குடும்பங்களுக்காக எத்தனையோ கடைகளில் வங்காள எழுத்து இருக்கிறது. ஆம்பூரிலும் மேல்விஷாரத்திலும் உருது, சித்தூர்ப் பக்கம் தெலுங்கு. உங்கள் கடைக்கு வருகிறவர்களை ஒரு வாரம் கவனித்து, அவர்கள் அதிகம் படிக்கும் ஒரு மொழியைத் தேர்ந்தெடுங்கள். எல்லா மொழியையும் திணித்தால் ஒன்றும் தெரியாது. உருதுவின் நஸ்தாலிக் எழுத்து சரிந்து இறங்கும் என்பதால் அதற்கு உயரம் அதிகம் தேவை. படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டாமல் எந்த மொழியையும் அச்சுக்கு அனுப்ப வேண்டாம். தமிழையும்தான், ஒற்று விட்ட பெயர்ப் பலகை பத்து வருடம் அப்படியே நிற்கும்.

ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர்கள் தங்கள் எண்ணை நுழைவாயில் பெயர்ப் பலகையில் காட்ட வேண்டும். பதிவுச் சான்றிதழைக் கடைக்குள் கண்ணில் படும் இடத்தில் மாட்ட வேண்டும். காம்போசிஷன் திட்டத்தில் இருந்தால் அதையும் பலகையில் எழுத வேண்டும். வடிவமைக்கும்போதே இடம் விட்டால், பின்னால் ஸ்டிக்கர் ஒட்டி முகப்பைக் கெடுக்க வேண்டியிராது.

பொருள் தேர்வு: நம் ஊரின் வெயிலும் காற்றும்

வேலூர் வெயிலுக்கு அறிமுகம் தேவையில்லை. ஃப்ளெக்ஸ் மலிவு, ஒரே நாளில் கைக்கு வரும். ஆனால் திறப்பு விழாவுக்கும் தள்ளுபடி மாதத்துக்கும்தான் அது சரி. நிரந்தரப் பெயருக்கு வேண்டாம். வெயிலில் மஞ்சளும் சிவப்பும் முதலில் வெளுக்கும். கறுப்பும் நீலமும் கடைசி வரை தாங்கும். மேற்கே பார்த்த கடைக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும்.

தோல் ஊர்களுக்கென்று இன்னொரு சங்கதி உண்டு. முடி நீக்கும் சுண்ணாம்புக் குழியில் சல்ஃபைடு சேர்ப்பார்கள். அதிலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு பித்தளையையும் செம்பையும் கறுக்க வைக்கும். டேனரிக்குப் பக்கத்தில் பித்தளை எழுத்து வைத்தால் மாதந்தோறும் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். பச்சைத் தோலில் கொட்டும் உப்பு, தரம் குறைந்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் துருப் புள்ளி போடும். 202 ரகம் விலை குறைவு என்று தருவார்கள், 304 கேளுங்கள். கண்ணாடி போலப் பளபளக்கும் எழுத்தை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். மாலை வெயிலில் பெங்களூரு பக்கம் போகிறவருக்கு அது வெறும் மின்னலாகத்தான் தெரியும், பெயராகத் தெரியாது.

நடுத்தரக் கடைக்கு நான் சொல்வது: மங்கலான நிறத்தில் ஏ.சி.பி. (அலுமினியக் கூட்டுப்) பலகை, அதன் மேல் வெள்ளை அக்ரிலிக் எழுத்து, உள்ளே எல்.ஈ.டி. வெளியே வைக்கும் எல்.ஈ.டி.க்கு ஐ.பி. 65 தரமாவது வேண்டும். அதுதான் தூசியும் மழைத் தண்ணீரும் புகாமல் காக்கும். மின்சாரத்தை மாற்றித் தரும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை நனையாத, காற்றோட்டமுள்ள இடத்தில் வையுங்கள். எர்த் இணைப்பு இல்லாமல் போர்டுக்கு மின்சாரம் கொடுக்க விடாதீர்கள்.

பணத்தை எங்கே கூட்டுவது என்று கேட்டால், போர்டைத் தாங்கும் இரும்புச் சட்டத்தில் என்பேன். 10 அடிக்கு 4 அடி போர்டின் மீது மணிக்கு 100 கி.மீ. காற்று நேராக அடித்தால் தள்ளும் விசை சுமார் 175 கிலோ எடைக்குச் சமம். ஆணியும் கட்டுக்கம்பியும் அதைத் தாங்காது. செங்கல் பூச்சில் அல்ல, கான்கிரீட்டில் இறங்கும் ஆங்கர் போல்ட் போடச் சொல்லுங்கள். 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் சாலை நடுவே கட்டிய பேனர் ஒன்று ஸ்கூட்டரில் வந்த இளம்பெண் மேல் விழுந்தது. பின்னால் வந்த தண்ணீர் லாரியில் அவர் உயிர் போனது. உங்கள் பலகை உங்கள் எல்லைக்குள் இருக்கட்டும். நெடுஞ்சாலை நிலத்திலோ சென்டர் மீடியனிலோ எதையும் ஊன்ற வேண்டாம். தனியாக விளம்பரப் பலகை எழுப்புவதானால் முதலில் உள்ளாட்சி அமைப்பிடம் உரிமம் வாங்குங்கள்.

உள்ளே என்ன எழுதுவது

வெளிப் போர்டு ஆளை உள்ளே அழைக்கிறது. அவர் நம்புவது உள்ளே இருக்கும் பலகையை. ஆம்பூர் என்றாலே தோல் என்று நினைத்துத்தான் வண்டியை நிறுத்துகிறார். அலமாரியில் தோலும் ரெக்சினும் கலந்து கிடந்தால் அவருக்குச் சந்தேகம் வரும், வருவது நியாயம்.

இதற்கு நல்ல வழி நம் தொழிற்சாலைகளிலேயே இருக்கிறது. ஐரோப்பாவுக்குப் போகும் ஷூக்களில், அங்கே 1994-இல் வந்த 94/11 என்ற விதிப்படி, சின்னப் படங்கள் போட வேண்டும். விரித்த தோல் வடிவம் என்றால் தோல். அதற்குள் சாய்சதுரம் இருந்தால் மேலே பூச்சுப் பூசிய தோல். பின்னல் வலை என்றால் துணி. வெறும் சாய்சதுரம் என்றால் மற்றப் பொருள். மேற்பாகம், உட்பாகம், அடிப்பாகம் என மூன்றுக்கும் தனித்தனியாகப் போடுவார்கள். மேற்பாகத்திலும் உட்பாகத்திலும் 80 விழுக்காடு பரப்பு, அடிப்பாகத்தில் 80 விழுக்காடு கன அளவு எந்தப் பொருளோ அதற்குரிய படம். ஐரோப்பியருக்குச் சொல்லும் உண்மையை நம் ஊர் வாடிக்கையாளருக்கும் சொல்லலாமே! அந்த நான்கு படங்களையும் தமிழ் விளக்கத்தோடு ஒரு பலகையாக எழுதி, ஒவ்வொரு அடுக்குக்கும் பொருந்தும் படத்தை ஒட்டுங்கள். சன்போர்டு என்ற நுரைப் பலகையில் செய்தால் செலவு அதிகமில்லை. இந்தக் கட்டுரையில் சொன்னவற்றில் ஒன்றை மட்டும் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

அளவுப் பலகையும் வேண்டும். ஐரோப்பிய எண்ணில் ஒரு படி ஒரு சென்டிமீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு, ஆங்கில எண்ணில் ஓர் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு. ஏற்றுமதியில் மிஞ்சியது இரண்டு எண்ணிலும் வரும் என்பதால், பாதத்தின் நீளத்தைச் சென்டிமீட்டரில் காட்டினால் பேச்சு மிச்சம்.

"விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்ற பலகையைக் கழற்றிவிடுங்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பது முறையற்ற வணிகம். பில்லில் கெடு எழுதவில்லை என்றால் 30 நாள். "அளவு மாற்ற இத்தனை நாள், தையல் விட்டால் இத்தனை நாள்" என்று எழுதுங்கள். பணம் செலுத்தும் க்யூ.ஆர். அட்டையை, வேறு யாரும் மேலே ஒன்றை ஒட்டிவிட முடியாதபடி, கல்லாவுக்குள் உங்கள் கையருகே வையுங்கள்.

பட்டறை உள்ளவர்களுக்கு

வெளியேறும் வழியைக் காட்டும் பலகை பச்சையில் வெள்ளை எழுத்தாக, மின்சாரம் போனாலும் ஒளிரும் ரகத்தில் இருக்க வேண்டும். சொல்யூஷன் (ஒட்டும் பசை) டப்பா இருக்கும் இடத்தில் "தீ ஆகாது". தோல் பதனிடும் இடத்தில் இன்னொன்று: சல்ஃபைடு நீரும் அமில நீரும் கலந்தால் உயிரைக் குடிக்கும் வாயு கிளம்பும், அளவு கூடினால் வாசனையே தெரியாமல் போகும். கழிவுத் தொட்டி அருகே எச்சரிக்கையைப் படத்தோடு, அங்கே வேலை செய்கிறவர்கள் படிக்கும் மொழிகளில் எல்லாம் எழுதுங்கள். வடமாநிலத் தொழிலாளர் இருந்தால் இந்தியும் வங்காளமும் வேண்டும். பலகை மட்டும் போதாது. மூடியும் பூட்டும் வேண்டும்.

இனி விலை பேசலாம்

மூன்று இடத்தில் விலை கேளுங்கள். ஏ.சி.பி. தடிமன், சட்டக் குழாயின் கனம், எல்.ஈ.டி. எண்ணிக்கை, எஸ்.எம்.பி.எஸ். உத்தரவாதம் எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். வடிவமைப்புக் கோப்பை உங்கள் பென்டிரைவில் வாங்கிக்கொள்ளுங்கள். செய்யத் தொடங்குமுன் ஓர் எழுத்தை நிஜ அளவில் காகிதத்தில் வெட்டி, போர்டு வரும் இடத்தில் ஒட்டி, தூரத்திலிருந்து பாருங்கள். போர்டு ஏறிய பிறகு, மீதித் தொகையைக் கொடுக்குமுன், இரவு எட்டு மணிக்கு எதிர்ப்பக்கம் போய் நின்று, கண்ணாடி போடும் வயதில் இருக்கும் ஒருவரைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.