இரண்டு முறை கேட்கும் கிடார்

கேள்வி: லைன் 6 எச்எக்ஸ் ஸ்டாம்ப் வாங்கியிருக்கிறேன். லேப்டாப், ஆடியோ இன்டர்ஃபேஸ் ஏற்கெனவே உண்டு. எதை எதில் செருகுவது? யூஎஸ்பியில் இணைத்தால் ஒவ்வொரு சுரமும் இரண்டு முறை கேட்கிறதே?

பதில்: நீங்கள் மீட்டுவது ஸ்டாம்பிலிருந்து நேராக ஒரு முறையும், கணினிக்குள் போய்ச் சற்றுத் தாமதமாகத் திரும்பி இன்னொரு முறையும் வருகிறது. ரெக்கார்டிங் மென்பொருளில் அந்த ட்ராக்கின் மானிட்டரிங்கை அணைத்துவிடுங்கள், சரியாகிவிடும்.

ஸ்டாம்பே ஓர் ஆடியோ இன்டர்ஃபேஸ்தான். கிடார் மட்டும் பதிவதென்றால் யூஎஸ்பி கேபிள் போதும். ஹெட்போனையும் அதிலேயே மாட்டுங்கள். உள்ளே அது 48 கிலோஹெர்ட்ஸில் ஓடுகிறது, புராஜெக்டையும் அப்படியே வையுங்கள். ஆம்ப் ஒலியோடு, எஃபெக்ட் எதுவும் சேராத வெறும் கிடாரையும் தனி ட்ராக்கில் பதிந்துகொள்வது நல்லது. நாளைக்கு டிஸ்டார்ஷன் அதிகம் என்று தோன்றினால், மறுபடி வாசிக்காமல் அதையே ஸ்டாம்ப் வழியாக அனுப்பி வேறு ஆம்பில் எடுத்துவிடலாம். யூஎஸ்பியின் பெரிய லாபமே இதுதான் என்பேன்.

கூடவே பழைய இன்டர்ஃபேஸில் மைக்கை மாட்டிப் பாடவும் வேண்டுமா? விண்டோஸில் ஏஎஸ்ஐஓ ஆடியோ டிரைவர் வழியாக மென்பொருள் பொதுவாக ஒரு சமயத்தில் ஒரு கருவியைத்தான் ஏற்கும். அப்போது ஸ்டாம்பின் அவுட்புட்டையும் அந்தப் பழைய இன்டர்ஃபேஸின் லைன் இன்புட்டில் கொடுங்கள். ‘இன்ஸ்ட்’ பொத்தான் அணைந்திருக்கட்டும். அது கிடாரை நேரடியாகச் செருகுவோருக்கு. எந்த வழியானாலும் ஸ்டாம்பில் ஸ்பீக்கர் பெட்டியின் ஒலியைத் தரும் கேபினட் பிளாக்கை அணைக்காதீர்கள், அணைத்தால் டிஸ்டார்ஷன் வண்டு ரீங்காரம்தான்.