பள்ளியில் யாருக்கெல்லாம் பயிற்சி வேண்டும்? ஆட்டிசம் உள்ள மாணவர்களின் பெற்றோருக்கு

ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதத்தில் பள்ளிகள் திறந்து இரண்டு வாரங்கள் ஆனதும் எங்கள் குழந்தை வளர்ச்சிப் பிரிவில் கூட்டம் கூடிவிடும். "வந்து அழைத்துக்கொண்டு போகச் சொல்லிப் பள்ளியிலிருந்து தினமும் தொலைபேசி வருகிறது" என்றுதான் பெற்றோரில் பலர் பேச்சைத் தொடங்குவார்கள். வீட்டில் ஓரளவு அமைதியாக இருக்கும் பிள்ளை பள்ளியில் மட்டும் ஏன் தரையில் விழுந்து அலறுகிறான், மருந்தை மாற்ற வேண்டுமா, பேச்சுப் பயிற்சியின் நேரத்தைக் கூட்ட வேண்டுமா என்று கேட்பார்கள். விசாரித்துப் பார்த்தால், பல நேரங்களில் மருந்தில் குறை ஏதும் இருப்பதில்லை. பள்ளியில் அவனைச் சுற்றியிருக்கும் பெரியவர்களுக்கு அவனோடு எப்படிப் பழகுவது என்பதை எவரும் கற்றுத் தந்திருக்கமாட்டார்கள்.

ஆட்டிசத்தை மதி இறுக்கம் என்றும், புற உலகச் சிந்தனையற்ற நிலை என்றும் தமிழில் எழுதுவதுண்டு. இரண்டாவது பெயரில் எங்களுக்கு உடன்பாடு இல்லை. இக்குழந்தைகளில் பலருக்குப் புற உலகம் அளவுக்கு மீறியே எட்டுகிறது. நமக்குச் சாதாரணமாகக் கேட்கும் மணியோசை அவர்களுக்குக் காதைப் பிளக்கிறது. சட்டைக் கழுத்தில் உள்ள துணிச்சீட்டு நாள் முழுவதும் உறுத்துகிறது. பிறருடைய முகக்குறிப்பையும் பேச்சின் உட்பொருளையும் உணர்ந்துகொள்வது கடினம். வழக்கம் மாறினால் அச்சம் எழுகிறது. மூளை வளர்ச்சியின் வேறுபாட்டால் வரும் நிலை இது. வளர்ப்பின் குறையாலோ தடுப்பூசியாலோ இது வருவதில்லை என்பதை இவ்விதழில் முன்பும் எழுதியிருக்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளியில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிக்க எங்களை அழைத்திருந்தார்கள். திரையில் படங்களைக் காட்டி இரண்டு மணி நேரம் பேசினோம். மரபணுக்கள், மூளையின் இணைப்புகள், மதிப்பீட்டு அளவுகோல்கள் என்று எதையும் விடவில்லை. கைதட்டலும் கிடைத்தது. தேநீர் கொண்டுவந்த ஆயா, கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தவர், கடைசியில் தயங்கியபடி ஒரு கேள்வி கேட்டார்: "டாக்டர், பையன் தரையில படுத்துக்கிட்டா தூக்கணுமா, தூக்கக் கூடாதா?"

நாங்கள் பேசிய இரண்டு மணி நேரத்தில் அதற்கு விடை இல்லை. மேலும், அந்தப் பள்ளியில் அப்படிப் படுத்துவிடும் சிறுவனோடு தினமும் அதிக நேரம் இருப்பவர் அவர்தான். அவரை நாங்கள் பயிற்சிக்கு அழைக்கவே இல்லை. அன்று முதல் எங்கள் பயிற்சியின் முறையையும் அழைப்போரின் பட்டியலையும் மாற்றிக்கொண்டோம்.

ஆட்டிசம் உள்ள மாணவருக்குப் பள்ளி நாளில் பெரும்பாலும் பாடவேளை அத்தனை கடினமானதாக இருப்பதில்லை. வேனிலிருந்து இறங்குவது, ஒலிபெருக்கி முழங்கும் காலை வழிபாடு, இடைவேளையின் இரைச்சல், உணவு வரிசையின் நெருக்கடி, கழிப்பறையின் வாடை, மாலையில் வாயிற்கதவருகே திரளும் கூட்டம் ஆகியவையே கடினமானவை. இவற்றில் பல இடங்களில் வகுப்பாசிரியர் அருகில் இருப்பதில்லை. வேன் ஓட்டுநரும் ஆயாவும் காவலாளியும் சத்துணவுப் பணியாளரும் உடற்கல்வி ஆசிரியருமே இருக்கிறார்கள். பயிற்சி இவர்கள் அனைவருக்கும் வேண்டும்.

காவலாளியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இக்குழந்தைகளில் பலர் பெரியவர்களின் பார்வையிலிருந்து நழுவி வெளியே சென்றுவிடும் இயல்புடையவர்கள். இரைச்சலிலிருந்து தப்பிக்க ஓடுவதும் உண்டு. விருப்பமான ஒன்றைத் தேடிப் போவதும் உண்டு. தண்ணீர் பலரை ஈர்க்கிறது. இவ்வாறு வெளியேறும் குழந்தைகள் நீரில் மூழ்குவது உலகெங்கும் மருத்துவர்கள் எச்சரிக்கும் ஆபத்து. பேச்சு வராத குழந்தை, பெயர் சொல்லி அழைத்தாலும் குரல் கொடுக்காது. ஆகவே காவலாளிக்கு அந்த மாணவரின் முகம் தெரிந்திருக்க வேண்டும். காணவில்லை என்று தெரிந்த உடனே பள்ளியைச் சுற்றியுள்ள கிணறு, குளம், வாய்க்கால், திறந்த தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றுக்கு ஆள் அனுப்ப வேண்டும். வகுப்பறைகளைத் தேடுவது அதற்குப் பிறகு. யார் எந்தப் பக்கம் ஓடுவது என்பதை முன்கூட்டியே பேசி வைத்திருக்கும் பள்ளிகள் மிகக் குறைவு. பிள்ளையைச் சேர்க்கும் நாளிலேயே இதைக் கேளுங்கள்.

ஆயாவின் கேள்விக்கு வருவோம். இடம் பாதுகாப்பானதாக இருந்தால் தூக்கக் கூடாது. அடம் பிடிக்கும் குழந்தை, பெரியவர்கள் பார்க்கிறார்களா என்று அவ்வப்போது ஓரக்கண்ணால் நோட்டமிடும். கேட்டது கிடைத்தால் பெரும்பாலும் அழுகையும் நின்றுவிடும். ஒலியும் ஒளியும் நெரிசலும் தாங்க முடியாமல் வெடிக்கும் குழந்தைக்கு அந்தக் கணக்கு எதுவும் தெரியாது; மிட்டாய் கொடுத்தாலும் நிற்காது. அந்த நேரத்தில் திட்டுவதும், சமாதானம் பேசுவதும், நான்கு பேர் சூழ்ந்துகொள்வதும் எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்ப்பதாகும். மற்ற மாணவர்களை அப்பால் அனுப்பிவிட்டு, ஒலியைக் குறைத்து, பழகிய ஒருவர் மட்டும் சற்றுத் தள்ளி அமர்ந்து பேசாமல் காத்திருக்க வேண்டும். சாலை, மாடிப்படி, அடுப்பு போன்ற ஆபத்து அருகில் இருந்தால் மட்டுமே தூக்கலாம். இறுக அணைத்தால் அமைதியாகும் குழந்தைகளும் உண்டு. தொட்டாலே துடிக்கும் குழந்தைகளும் உண்டு. உங்கள் குழந்தை எந்த வகை என்பதை நீங்கள்தான் பள்ளிக்குச் சொல்ல முடியும்.

அடுத்தது பேச்சு. "வாயை மூடு" என்று ஆசிரியர் சொன்னதும் ஒரு மாணவர் உள்ளங்கையால் வாயை மூடிக்கொண்டு தொடர்ந்து பேசியிருக்கிறார். "உனக்குக் காது இருக்கிறதா இல்லையா?" என்று கேட்கப்பட்ட இன்னொருவர் "இரண்டு இருக்கிறது" என்று விடை சொல்லி, திமிர் என்று தண்டிக்கப்பட்டிருக்கிறார். இருவரும் தமக்கு விளங்கியபடி சரியாகவே நடந்தார்கள். ஆதலால் பணியாளர்களுக்கு நாங்கள் முதலில் கற்றுத் தருவது சுருக்கமாகவும் நேராகவும் பேசுவதைத்தான். "ஓடாதே" என்பதைவிட "மெதுவாக நட" என்பது எளிதில் விளங்கும். ஒரு நேரத்தில் ஒரே செய்தியைச் சொல்லிவிட்டு, மனத்துக்குள் பத்து எண்ணும் வரை காத்திருக்க வேண்டும். கண்ணைப் பார்த்துத்தான் பேச வேண்டும் என்று கட்டாயப்படுத்த வேண்டாம். சிலருக்குக் கண்ணைப் பார்த்தால் காதில் விழுவது நின்றுவிடுகிறது.

சொல்லைவிடப் படம் உதவும். அன்றைய நாளில் எதற்குப் பின் எது என்பதைக் காட்டும் படவரிசை மேசையில் ஒட்டப்பட்டிருந்தால் அச்சம் பெருமளவு குறையும். மழையால் விளையாட்டு வேளை இல்லையென்றால், அந்த மணி அடிப்பதற்கு முன்பே அப்படத்தை எடுத்துவிட்டு வேறு படத்தை வைக்க வேண்டும். இதற்குச் செலவு ஏதும் பெரிதாக இல்லை. பழைய நாட்காட்டி அட்டையே போதும்.

இவற்றையெல்லாம் கேட்டவுடன் எல்லோரும் தலையாட்டுவார்கள். செய்வது வேறு. நீச்சலைப் பற்றிய சொற்பொழிவைக் கேட்டு யாரும் நீந்தக் கற்றதில்லை. எனவே இப்போது நாங்கள் முதல் அரை மணி நேரம் மட்டுமே பேசுகிறோம். பிறகு ஒருவர் குழந்தையாகவும் மற்றவர் பணியாளராகவும் நடிக்க, நாங்கள் முதலில் செய்து காட்டுகிறோம், அவர்கள் செய்கிறார்கள், திருத்துகிறோம், மீண்டும் செய்கிறார்கள். தொடக்கத்தில் சிரிப்பாக இருக்கும். நடிப்பவரின் காதருகே இரண்டு கைப்பேசிகளை உரக்க ஒலிக்கவிட்டு, தெரியாத மொழியில் ஒரு வேலையை ஏவினால் சிரிப்பு அடங்கிவிடும். சில வாரங்கள் கழித்து நேரில் சென்று வகுப்பிலும் வாயிலிலும் பார்த்து வருகிறோம். அந்த இரண்டாம் வருகை இல்லாத பயிற்சியில் எங்களுக்கு நம்பிக்கை குறைவு.

பள்ளியிடம் இதைக் கேட்பதற்கு நீங்கள் கூச்சப்பட வேண்டியதில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 ஆட்டிசத்தைத் தன் பட்டியலில் சேர்த்துள்ளது. உள்ளடக்கிய கல்விக்கு உதவும் வகையில் பள்ளிப் பணியாளர்களுக்குப் பயிற்சி அளிப்பது அரசின் கடமை என்று அதன் 17-ஆம் பிரிவு கூறுகிறது. 40 விழுக்காடு அல்லது அதற்கு மேல் குறைபாடு இருப்பதாகச் சான்று பெற்ற குழந்தைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமையும் உண்டு. மாணவரை அடிப்பதையும் மனத்தளவில் துன்புறுத்துவதையும் 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்கிறது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளுக்கு வட்டார வள மையத்திலிருந்து சிறப்புப் பயிற்றுநர்கள் வருகிறார்கள். தலைமையாசிரியரிடம் அவர்கள் வரும் நாளைக் கேட்டறிந்து நேரில் சந்தியுங்கள். இருப்பினும், சட்டப் புத்தகத்தைக் கையில் ஏந்திக்கொண்டு முதல் சந்திப்புக்குப் போக வேண்டாம் என்பது எங்கள் கருத்து. நாற்பது பிள்ளைகளை ஒருவராகச் சமாளிக்கும் ஆசிரியர் முதலில் எதிர்பார்ப்பது உதவியைத்தான்.

மருத்துவர்கள் என்ற முறையில் நாங்கள் எல்லாப் பயிற்சியிலும் சேர்க்கும் செய்திகள் இரண்டு. ஒன்று, வலி. பல்வலி, காதுவலி, மலச்சிக்கல் ஆகியவற்றைச் சொல்லத் தெரியாத குழந்தை தலையை முட்டிக்கொள்ளும் அல்லது கடிக்கும். நேற்றுவரை இல்லாத முரட்டுத்தனம் இன்று திடீரெனத் தோன்றினால், அதை ஒழுங்கீனம் என்று எழுதும் முன் உடலைப் பார்க்க வேண்டும். மற்றொன்று, வலிப்பு. ஆட்டிசம் உள்ளவர்களுக்கு வலிப்பு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து, அருகில் உள்ள கூர்மையான பொருட்களை அகற்றி, நேரத்தைக் கணக்கிட வேண்டும். வாயில் எதையும் வைக்கக் கூடாது. கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதால் பயனில்லை. ஐந்து நிமிடங்களைத் தாண்டினால் 108-க்கு அழைக்க வேண்டும்.

பெற்றோராகிய உங்களிடம் நாங்கள் கேட்பது ஒரே ஒரு தாள். முன்பக்கம் மட்டும் போதும். நீண்ட மருத்துவ அறிக்கையைப் படிக்க வேன் ஓட்டுநருக்கு நேரமில்லை. குழந்தையை எப்படி அழைத்தால் திரும்பும், எந்த ஒலி தாங்காது, தண்ணீரோ கழிப்பறையோ வேண்டுமென்றால் எப்படிக் காட்டும், வெடிக்கப் போகிறது என்பதற்கு முன்னறிகுறி என்ன, தொடலாமா கூடாதா, என்ன உண்ணும், எதற்கு ஒவ்வாமை, என்ன மருந்து, யாரை அழைப்பது ஆகியவற்றை எளிய தமிழில் எழுதுங்கள். என்ன பிடிக்கும் என்பதை மறக்காமல் முதல் வரியில் சேருங்கள். ரயில் பெயர்களை வரிசையாகச் சொல்லும் பையன் என்று தெரிந்த பிறகு, ஒரு காவலாளி தினமும் காலையில் ஒரு ரயிலின் பெயரைக் கேட்டே அவனை உள்ளே அழைத்துச் செல்கிறார்.

தாளின் ஒரு படி வகுப்பாசிரியரிடமும், ஒன்று வேனிலும், ஒன்று வாயிற்காவலரிடமும் இருக்கட்டும். வகுப்பு மாறும்போதும் மருந்து மாறும்போதும் புதிதாக எழுதிக் கொடுங்கள். அடுத்த முறை எங்களிடம் வரும்போது அதையும், பள்ளியில் நடந்ததை ஆசிரியர் குறித்துவைத்த குறிப்பேட்டையும் கொண்டு வாருங்கள். எது நடந்த பிறகு குழந்தை வெடித்தது, எவ்வளவு நேரம் நீடித்தது, பின்னர் என்ன செய்தார்கள் என்று மூன்று வரிகள் அதில் இருந்தால்கூட, மருந்தைத் தொட வேண்டுமா வேண்டாமா என்பதை எங்களால் முடிவு செய்ய இயலும்.