வான்வழிப் பழம்படங்களில் இடமறிதல்

சரித்திரம் என்பது ஏட்டிலும் கல்வெட்டிலும் மட்டும் அடங்கிக் கிடப்பதன்று. ஓர் ஊரின் தெருவும் குளமும் ஆலயமும் ஆலையும் குறித்த ஒரு நாளில் எங்ஙனம் நின்றனவோ அங்ஙனமே காட்டும் நிழற்படமும் ஒரு சாசனமேயாம். அவற்றுள்ளும் ஆகாயத்திலிருந்து எடுக்கப்பெற்ற படம், தரையில் நிற்பவன் கண்ணுக்கு ஒருங்கே தோன்றாத ஊர் முழுமையையும் ஒரே பார்வையில் அளிப்பதாகலின் தனிச் சிறப்புடையது. ஆயினும், எவ்வூர், எவ்வாண்டு என்னும் குறிப்பை இழந்த படம் ஊமைச் சாட்சியை ஒக்கும். அவ்வூமைச் சாட்சியைப் பேசுவிக்கும் முறை யாது என்பதையும், அதனைக் கையாளுவோர் கடைப்பிடிக்க வேண்டிய நெறி யாது என்பதையும் இக்கட்டுரையில் ஒருவாறு ஆராய்வாம்.

1. படங்களின் வரலாறு

வானிலிருந்து முதன்முதல் நிழற்படம் எடுத்தவர் பிரான்சு நாட்டுப் பெலிக்ஸ் தூர்னஷோன் என்பவர். ‘நதார்’ என்னும் புனைபெயரால் அறியப்பட்ட அவர், 1858-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரின் அருகே புகைக்கூண்டில் ஏறிப் படம் எடுத்தார். அப்படம் இப்பொழுது இல்லை. இன்றளவும் அழியாது நிற்பவற்றுள் பழமையானது, 1860-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 13-ஆம் நாள் அமெரிக்காவிலுள்ள பாஸ்டன் நகரின் மேல் உயரத்திலிருந்து ஜேம்ஸ் வாலஸ் பிளாக் என்பார் எடுத்த படமாம்.

பின்னர் ஆகாய விமானம் தோன்றியது. 1914 முதல் 1918 வரை நிகழ்ந்த முதல் உலகப் போரில், பகைவருடைய அகழிகளையும் பீரங்கி நிலைகளையும் அறிதற்பொருட்டு வான்படங்கள் மிகுதியாக எடுக்கப்பட்டன. அவற்றை நுணுகி நோக்கி உண்மை காணும் பயிற்சியும் அப்பொழுதே வளர்ந்தது. போர் முடிந்த மறு ஆண்டில், அஃதாவது 1919-இல், பிரான்சிஸ் வில்ஸ், கிளாட் கிரஹாம்-வைட் என்னும் இருவர் இங்கிலாந்தில் ‘ஏரோபிலிம்ஸ்’ என்னும் நிறுவனத்தைத் தொடங்கினர். ஆலை முதலாளிகளுக்கும் அஞ்சலட்டை விற்போருக்கும் பிறருக்கும் வேண்டிய வான்படங்களை எடுத்து விற்பதே அந்நிறுவனத்தின் தொழில். வயிற்றுப் பிழைப்பிற்காக எடுக்கப்பட்ட அப்படங்கள் காலஞ்செல்லச் செல்லச் சரித்திரச் செல்வமாயின. 2007-ஆம் ஆண்டில் அத்தொகுதியை இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் ஆகிய மூன்று நாடுகளின் தொல்பொருட் காப்பகங்கள் ஒருங்கு கூடி விலைக்கு வாங்கின. 1919 முதல் 1953 வரை எடுக்கப்பட்ட ஏறக்குறைய 95,000 படங்களைப் பழங்கண்ணாடித் தகட்டினின்றும் படச்சுருளினின்றும் புதுப்படி எடுத்து, 2012 முதல் பொதுமக்கள் காணுமாறு வெளியிட்டன.

அவற்றுட் சில படங்களுக்கு இடம் யாதென்று காப்பகத்தாராலும் சொல்லக் கூடவில்லை. ஆதலின் அவற்றைத் தனியே பிரித்து, “இஃது எவ்விடம்? அறிந்தோர் கூறுக” என்று பொதுமக்களையே வேண்டினர். ஊர்ச்சரித்திரத்தில் ஆர்வமுடைய தொண்டர் பலர், ஊதியம் ஏதும் கருதாது அப்பணியை மேற்கொண்டு, பெயரற்றுக் கிடந்த படங்களுக்குப் பெயர் தந்தனர். அத்தகைய தொண்டர் கையாளும் முறையையே இனிக் கூறப் புகுகின்றோம்.

2. இடம் காணும் முறை

முதலாவது அறிய வேண்டுவது திசை. இங்கிலாந்து கடகரேகைக்கு மிக வடக்கே இருத்தலால், அங்கே நண்பகலில் சூரியன் எஞ்ஞான்றும் தெற்கே நிற்கும். நிழல் வடக்கே விழும். எனவே புகைபோக்கியின் நிழலைக் கண்ட மாத்திரத்தில் படத்தின் வடதிசையை ஓரளவு துணியலாம். நம் நாட்டு மாணாக்கர் இவ்விதியை அவ்வாறே இங்குப் பொருத்தலாகாது. தமிழ்நாட்டில் ஆண்டிற்கு இருமுறை சூரியன் தலைக்கு நேரே வருவதும், இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் நிழல் தெற்கே சாய்வதும் உண்டன்றோ? ஒரு நாட்டு விதியை மற்றொரு நாட்டிற்கு ஆராயாது எடுத்துச் செல்லுதல் பிழைக்கு வழியாகும்.

இரண்டாவது, மாறுதற்கரிய பொருள்களைத் தேர்ந்துகொள்ளுதல். கடையும் வீடும் எளிதில் மாறும். ஆற்றின் வளைவும் இருப்புப்பாதையின் வளைவும் தெருக்கள் பிரியும் கோணமும் எளிதில் மாறா. பழைய தேவாலயங்களும் இதற்குப் பெரிதும் துணைசெய்யும். அவை பெரும்பாலும் கிழக்கு மேற்காக நீண்டு, பலிபீடம் கிழக்கே அமையக் கட்டப்பட்டவையாதலின், திசையறிதற்கும் உதவுவனவாம். கோபுரம் சதுரமோ, கூரியதோ, பக்கத்தே கல்லறைத் தோட்டம் உண்டோ இல்லையோ என்பனவற்றையும் குறித்துக்கொள்ளல் வேண்டும்.

மூன்றாவது, எழுத்துகளைத் தேடுதல். ஆலைகளின் புகைபோக்கியிலும் சுவரிலும் கூரையிலும் உரிமையாளர் பெயர் பெரிய எழுத்துகளால் தீட்டப்பட்டிருத்தல் உண்டு. பூதக்கண்ணாடி கொண்டு நோக்கின் அவற்றுள் இரண்டோர் எழுத்தேனும் புலப்படும். அவற்றைக் கொண்டு பழைய வணிகர் பதிவேடுகளைப் புரட்டினால், அப்பெயருடைய ஆலை எந்தெந்த ஊர்களில் இருந்தது என்பது தெரியவரும்.

நான்காவது, நிலப்படத்தோடு ஒப்பிடுதல். பிரிட்டனில் அரசாங்க நில அளவைத் துறையார் தெருவும் வீடும் தனித்தனியே தெரியுமாறு பெரிய அளவில் நிலப்படங்கள் வரைந்துள்ளனர். ஐயத்திற்குரிய ஊரின் நிலப்படத்தை எடுத்து வைத்துக்கொண்டு, ஆறு, பாதை, பாலம், ஆலயம் ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தல் வேண்டும். வான்படங்களிற் பெரும்பாலன நேர்கீழாக அன்றிச் சாய்வாக எடுக்கப்பட்டவை. ஆதலின் அருகிலுள்ளவை பெருத்தும் தொலைவிலுள்ளவை சுருங்கியும் தோன்றும். தூரத்தை நம்பாது வரிசையை நம்புக. எதற்கு அப்பால் எது நிற்கின்றது என்னும் வரிசை சாய்வினால் மாறுவதன்று.

3. காலம் காணும் முறை

இடம் அறிந்தபின் ஆண்டினை அறிதல் வேண்டும். இதற்கு உதவுவன, தோன்றிய காலமும் அழிந்த காலமும் ஐயமின்றித் தெரிந்த கட்டிடங்களாம். இலண்டன் நகரத்தினின்று மூன்று உதாரணங்கள் காட்டுவாம்.

சைடனம் என்னும் பகுதியில் 1854 முதல் விளங்கிய பளிங்கு மாளிகை, 1936-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் இரவில் தீக்கிரையாயிற்று. அதன் இருபுறத்தும் நின்ற நீர்க்கோபுரங்கள் மட்டும் தப்பிப் பிழைத்து, பின்னர் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இடிக்கப்பட்டன. எனவே, மாளிகையோடு கூடிய படம் 1936-க்கு முற்பட்டது. மாளிகையின்றிக் கோபுரங்கள் மட்டும் நிற்கும் படம் அதற்கும் போருக்கும் இடைப்பட்ட சில ஆண்டுகளுக்கு உரியது என்பது வெளிப்படை.

பாட்டர்ஸீ மின்சார நிலையம் முதலில் இரண்டு புகைபோக்கிகளோடு 1930-களில் எழுந்தது. நான்காவது புகைபோக்கி 1955-இல் தான் நிறைவெய்தியது. ஆகவே, புகைபோக்கிகளை எண்ணுதலே காலத்தை எண்ணுதலாகும்.

வாட்டர்லூ பாலத்தின் செய்தி இவ்விரண்டினும் நுட்பமானது. 1817-இல் திறக்கப்பட்ட பழைய பாலம் ஒன்பது வளைவுகளையுடையது. அதன் தூண் அமிழத் தொடங்கினமையால் 1925-இல் அருகே தற்காலிகமான இரும்புப் பாலம் ஒன்று அமைக்கப்பட்டது. 1934-இல் பழைய பாலத்தை இடிக்கத் தொடங்கினர். போரின் நடுவே எழுந்து 1945-இல் முற்றுப்பெற்ற புதிய பாலத்தில் ஐந்து கண்களே உள்ளன. இரண்டு பாலங்கள் அடுத்தடுத்து நிற்கக் காணின், அப்படம் 1925-க்கு முற்பட்டதன்று எனத் துணியலாம். பெயர் ஒன்றாயினும் பொருள் இரண்டு என்பதையும் இங்கே நோக்குக.

4. பெயரால் வரும் மயக்கம்

மேற்கூறிய மயக்கத்திற்குப் பாஸ்டன் நகரத்துப் பழம்படமே சிறந்த சான்று. அப்படத்தில் 1729-இல் கட்டப்பட்ட ‘ஓல்டு சவுத்’ ஆலயம் காணப்படுகின்றது. அஃது இன்றும் அவ்விடத்திலேயே நிற்கின்றது. ‘டிரினிட்டி’ ஆலயமும் அப்படத்தில் உண்டு. அந்நகரில் இக்காலத்தும் அப்பெயருடைய புகழ்பெற்ற ஆலயம் இருத்தலின், விரைந்து முடிவு செய்வோன் இரண்டும் ஒன்றென்றே கொள்வான். உண்மை அஃதன்று. படத்திலுள்ள ஆலயம் சம்மர் தெருவில் நின்றது. 1872-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்துப் பெருந்தீயில் அழிந்தது. இப்பொழுதுள்ள ஆலயம் நகரின் வேறொரு பகுதியில் எழுப்பப்பட்டு 1877-இல் பிரதிஷ்டை செய்யப்பெற்றது. பெயரை மட்டும் பற்றிக்கொண்டு இடத்தைத் துணிபவன் முழு நகரத்தையுமே இடம் மாற்றி வாசித்து விடுவான்.

ஆதலின், ஒரு சான்றினைக் கொண்டு முடிவு கூறலாகாது. ஒன்றையொன்று சாராத இரண்டு மூன்று அடையாளங்கள் ஒத்தல் வேண்டும். அவை ஒத்தபின்னும், “இவ்விடம் அன்று எனக் காட்டவல்லது யாதேனும் படத்தில் உண்டோ?” எனத் தன்னையே வினவுதல் வேண்டும். தான் விரும்பிய ஊரைத் தேடுவோன் கண்ணுக்கு ஒவ்வோர் ஆலயமும் தன்னூர் ஆலயமாகவே தோன்றும். தகட்டைத் திருப்பிப் படி எடுத்தமையால் இடமும் வலமும் மாறிய படங்களும் உண்டு. அவற்றில் எழுத்துகள் தலைமாறிக் கிடத்தலைக் கண்டு தெளியலாம். எவ்வளவு முயன்றும் துணிய இயலாதவிடத்து, ‘இடம் தெரியவில்லை’ என்று எழுதி வைத்தலே அறிவுடைமை. பெயரற்ற படம் பின்வருவோரைத் தேடத் தூண்டும். பிழைபட்ட பெயரோ தேடலையே நிறுத்திவிடும்.

5. இப்பணியின் பயன்

இத்துணை முயற்சியும் எதன்பொருட்டு எனச் சிலர் வினவலாம். 1940-ஆம் ஆண்டு நவம்பர் 14-ஆம் நாள் இரவில் கவெண்ட்ரி நகரத்துப் பழைய பேராலயம் குண்டுவீச்சினால் எரிந்தது. சுவர்களும் கோபுரமுமே எஞ்சின. அவ்வாண்டே டிசம்பர் 29-ஆம் நாள், இலண்டனில் புனித பவுல் பேராலயத்தை அடுத்திருந்த புத்தக வணிகர் தெருவாகிய பேட்டர்நாஸ்டர் வீதி, இலட்சக்கணக்கான நூல்களோடு சாம்பலாயிற்று. இவை நின்ற நிலையைக் காட்டுவனவற்றுள் முன்னாளைய வான்படங்களும் சிறந்தனவாம்.

ஆயினும், பேராலயங்களுக்கு ஓவியமும் உண்டு; வருணனையும் உண்டு; அவற்றை மறப்பாரும் இலர். நாம் எண்ண வேண்டுவது வேறொன்று. ஆலை முதலாளி பொருள் கொடுத்தது தன் ஆலையின் படத்திற்கே. ஆனால், விமானத்திலிருந்து நோக்கிய கண்ணாடி, ஆலையை மட்டும் தனியே பிரித்தெடுக்க அறியாது. அதனை அடுத்து நெருங்கி நின்ற தொழிலாளர் வீட்டு வரிசையும், கொல்லையில் உலர்ந்த ஆடைகளும், சிறு காய்கறித் தோட்டமும் உடன் பதிந்தன. அவ்வீடுகளை எவரும் ஓவியமாகத் தீட்டியதில்லை. பின்னாளில் அவற்றுட் பல இடிக்கப்பட்டு, தெருப்பெயரும் வழக்கொழிந்தது. அங்கே பிறந்து வளர்ந்த ஏழை மக்கள் வாழ்ந்தனர் என்பதற்கு, கேளாமலே பதிந்த அப்படமே சில இடங்களில் எஞ்சிய சாட்சி. அச்சாட்சிக்குச் சரியான பெயரிடுதல் அம்மக்களுக்கு அவர்தம் ஊரைத் திருப்பிக் கொடுத்தலாகும். பிழையாகப் பெயரிடுதல் அவர்தம் ஊரை இரண்டாமுறை இடித்தலாகும்.

இதில் காலதாமதத்திற்கும் இடமில்லை. பழைய படச்சுருள்கள் தாமே சிதைந்துபோகும் இயல்பின. அவற்றைக் கண்டு, “இதுதான் எங்கள் தெரு, இம்மூலையில் ரொட்டிக்கடை இருந்தது” என்று சொல்லவல்ல முதியோரும் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். நிலப்படம் தெருவின் பெயரைக் கூறும். அத்தெருவில் எவ்வாசல் யாருடையது என்பதை முதியோர் நினைவே கூறும்.

இறுதியாக நம் மாணாக்கர்க்கு ஒன்று கூறுவாம். இக்கலைக்குப் பெரும்பொருளும் அரிய கருவியும் வேண்டுவதில்லை. பொறுமையும், ஒப்பிட்டு நோக்கும் கண்ணும், தெரியாததைத் தெரியாதென்று சொல்லும் நேர்மையுமே வேண்டும். விடுமுறையில் தத்தம் ஊருக்குச் செல்லும்பொழுது, வீட்டுப் பெட்டியில் உறங்கும் பழைய படங்களை எடுத்துப் பெரியோர் முன் வைத்து, இடமும் ஆண்டும் கேட்டு, யார் கூறினார் என்பதோடு படத்தின் பின்புறத்தே மெல்லிய பென்சிலால் எழுதி வைப்பார்களாக. இன்று எழுதும் அவ்வொரு வரி, நாளை ஒருவன் பல நாள் தேடியும் பெறுதற்கரிய விடையாக நிற்கும்.